சின்ன ரீஃப் தொட்டியில் பாசி: டெல்டாத் தண்ணீரில் அதை அடக்கும் வழி

சம்பா வயலில் டிஏபி போட்ட சில நாளில் தண்ணீர்மேல் பச்சைப் பாசி படர்வதைக் காவிரி டெல்டாவில் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். உப்புத் தண்ணீரில் பவளமும் மீனும் வளர்க்கும் வீட்டு ரீஃப் தொட்டியிலும் நடப்பது அதேதான். நைட்ரேட், பாஸ்பேட், வெளிச்சம் மூன்றும் தேவைக்கு மேல் கிடைத்தால் பாசி வந்தே தீரும். வயலில் மயில்துத்தம் போட்டுப் பாசியை ஒழிப்பார்கள். தொட்டிக்கு அந்த வழி கிடையாது. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் அது கொல்லும். கல்லிலும் மணலிலும் ஊறிப்போய் நெடுநாள் கசிந்துகொண்டும் இருக்கும். நன்னீர்த் தொட்டிக்கென்று கடையில் விற்கும் பாசி மருந்துகளிலும் செம்பு இருக்கக்கூடும். லேபிளைப் படிக்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

கீழே வரும் அளவெல்லாம் 60 லிட்டர் தொட்டிக்குச் சொன்னவை. கல், மணல் போக அதில் நிற்கும் தண்ணீர் 50 லிட்டர்தான். உங்கள் தொட்டியின் அளவுக்கேற்ப அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்

பாசிக்குப் பாசி வைத்தியம் மாறும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கேடு. அதனால் கையை விடும் முன் கண்ணால் பார்க்க வேண்டும், தொட்டும் பார்க்க வேண்டும்.

தொட்டி வைத்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் மணல்மேல் காபிப்பொடி தூவினாற்போலப் படிந்தால் அது டயாட்டம். தண்ணீரில் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளர்வது. தண்ணீர் சுத்தமாக இருந்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் தானே போய்விடும். ஆறு மாதம் ஆன தொட்டியில் மறுபடி வந்தால் உங்கள் டிஐ ரெசின் (தண்ணீரில் கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) தீர்ந்துவிட்டது என்று பொருள்.

தலைமுடிபோல நீளமாக, பச்சையாக, கல்லைப் பிடித்துக்கொண்டு ஆடுவது ஹேர் ஆல்கே. பெரும்பாலான வீடுகளில் தொல்லை இதுதான். ஒரு கொத்தைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் தண்ணீர்விட்டுப் பரப்பிப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்து வழுவழுவென்று இருந்தால் ஹேர் ஆல்கே. ஒவ்வொரு இழையிலும் இருபுறமும் சின்னக் கிளை பிரிந்து பறவை இறகுபோலத் தெரிந்தால் அது பிரையாப்சிஸ். தட்டில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் தவறான வழியில் போராடுகிறவர்கள் நிறைய.

செம்பழுப்பு நிறத்தில் ஆடை படர்ந்ததுபோல மணலை மூடி, நடுநடுவே குமிழி கட்டி, விரலால் தூக்கினால் முழு ஏடாக வந்துவிடுவது சயனோ. பெயர்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. நெல் வயலுக்கு உயிர் உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் உறவு. அந்த இனத்தில் பலவற்றுக்குத் தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையே எடுத்து உரமாக்கிக்கொள்ளும் திறன் உண்டு. அதனால்தான் நைட்ரேட் பூஜ்யம் காட்டும் தொட்டியிலும் சயனோ செழிக்கிறது.

பழுப்பு நிறத்தில் சளிபோல இழைத்து, நுனியில் குமிழியோடு தொங்கி, இரவில் மறைந்து பகலில் மறுபடி வந்தால் டைனோஃப்ளாஜெலேட் என்று சந்தேகப்படுங்கள். சோதிப்பது சுலபம். கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி திரண்டு இழை கட்டினால் டைனோதான். இவற்றில் சில வகைகள் நச்சு சுரக்கும். காரணமில்லாமல் நத்தைகள் சாவது அதன் அடையாளம்.

கண்ணாடிக் குண்டுபோல உருண்டையாகப் பச்சைக் குமிழி இருந்தால் அது வலோனியா. உடைக்காமல் அடியோடு நெம்பி எடுத்து, அதே கையோடு குழாயால் உறிஞ்சிவிடுங்கள். அதற்குமேல் வைத்தியம் தேவைப்படுவது அரிது.

ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கல்லில் சுண்ணாம்புபோல ஒட்டுவது கோரலைன். அதை விட்டுவிடுங்கள். அது பிடித்த இடத்தில் மற்றப் பாசி எளிதில் பிடிக்காது.

ஆவியாகும் தண்ணீர்தான் முதல் குற்றவாளி

60க்கு 30 செமீ பரப்புள்ள திறந்த தொட்டிக்கு மேலே விசிறி ஓடினால் கத்திரி வெயிலில் நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ஆவியாகும். உப்பு உள்ளேயே நிற்கும், தண்ணீர் மட்டும் போகும். அதை ஈடுகட்ட போர் தண்ணீரையோ தெருக்குழாய்த் தண்ணீரையோ ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒன்றரை லிட்டர் வீதம் 30 நாளைக்கு 45 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு தொட்டித் தண்ணீர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் தொட்டியில் 18 பிபிஎம் (லிட்டருக்கு 18 மில்லிகிராம்) கூடியிருக்கும். ஒரு மீனுக்கும் ஒரு வேளை சோறு போடாமலே இவ்வளவு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 45 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீர் என்பதால் தொட்டிக்கும் தகும் என்று ஆகிவிடாது. உரம் போட்ட வயல் சூழ்ந்த ஊர்களில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். நிலத்தடி நீரில் சிலிக்கேட்டும் கரைந்தே இருக்கும்.

வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே என்பீர்கள். குடிநீர் ஆர்ஓக்களில் பெரும்பாலானவை சுவைக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும், இல்லையென்றால் மினரல் கேட்ரிட்ஜ் வழியாக விடும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள், குழாயில் 40, 60, 80 என்று காட்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, மெம்பரேனிலிருந்து வரும் குழாயில் கலப்புக்கு முன்னால் ஒரு டீ போட்டுத் தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை டிஐ ரெசின் நிரப்பிய கேட்ரிட்ஜ் வழியாக விட்டால் மீட்டர் 0 காட்டும். 0 என்றால் 0தான், 3 போதும் என்று விடாதீர்கள். ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்கேட். மீட்டரில் அது சரியாகத் தெரியாது. ஆகவே 1 காட்டிய அன்றே ரெசினை மாற்றுங்கள்.

ஐப்பசி மழையைப் பிடித்து ஊற்றலாமா என்று டெல்டாவில் எல்லோரும் கேட்பதுண்டு. மொட்டை மாடி வழியாக வந்த தண்ணீரில் காக்கை எச்சமும் தூசியும் இருக்கும், அதை ஊற்றாதீர்கள். நல்ல மழை அரை மணி பெய்த பிறகு திறந்த வெளியில் பிளாஸ்டிக் தொட்டியில் நேராகப் பிடித்ததென்றால், கார்பன் ஃபில்டர், டிஐ இரண்டின் வழியாகவும் விட்டுப் பயன்படுத்தலாம். டிஐ ரெசின் நெடுநாள் வரும்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்ற ஆசையும் இயல்பு. பழையாறு, பூம்புகார், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் ஆறோ வடிகாலோ கடலில் சேரும் இடங்கள். வயல் வடிகால் தண்ணீர் உரத்தோடு அங்கேதான் விழுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரம் உப்புத்தன்மையும் இறங்கிவிடும். மாசி முதல் வைகாசி வரையிலான தெளிந்த நாளில், கலங்கல் தாண்டிப் படகில் போய் எடுத்து, வேட்டித் துணியில் நாலு மடிப்பாக வடிகட்டி, இருட்டில் இரண்டு வாரம் காற்று விட்டு வைத்து, சோதித்துப் பயன்படுத்துவது முடியாத காரியம் இல்லை. ஆனால் வாரம் 5 லிட்டர் மாற்றத் தேவைப்படும் ரீஃப் உப்பு 185 கிராம்தான், வருடத்துக்கு 10 கிலோவுக்கும் கீழே. அதற்காகக் கேன் தூக்கி அலைய வேண்டாம் என்பதே சரியான யோசனை.

வேதாரண்யத்துக் கல் உப்பைக் கரைத்து ஊற்றுவதும் கூடாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் கீழே படியும். பிறகுதான் உப்பு விளையும். மக்னீசியம் கடைசிக் கழிவுநீரோடு போய்விடும். பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் போன பிறகு கிடைப்பதே சமையல் உப்பு.

கல்லும் ஒரு காரணம்

தண்ணீர் 0 டிடிஎஸ், சோறும் குறைவு, ஆனாலும் ஹேர் ஆல்கே அடங்கவில்லை என்றால் கல்லைச் சந்தேகியுங்கள். காய்ந்த கல்லின் துளைகளில் முன்பு செத்த உயிர்களின் பாஸ்பேட் ஊறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க, வாளியில் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டு, பம்ப் ஓடவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாஸ்பேட் பாருங்கள். 0.1க்கு மேல் காட்டினால் கல் கசிகிறது. தொட்டியில் வைக்கும் முன்பே தெரிந்தால் நல்லது, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றிக் கசிவு நிற்கும்வரை ஊறவிடலாம். மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த பவளக் கல் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. அந்தக் கல் கடலில்தான் இருக்க வேண்டும்.

எந்த எண்ணைப் பார்ப்பது

நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம், உப்புத்தன்மை 35 பிபிடி (கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு), காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (கார்பனேட்டை அளக்கும் அலகு). நன்னீர் பாஸ்பேட் கிட் 0.25, 0.5 என்று படி தாண்டும், அது இதற்கு உதவாது. பாஸ்பரஸை பிபிபியில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் டிஜிட்டல் செக்கர் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். செக்கரில் 20 என்றால் பாஸ்பேட் 0.06.

ஒன்றைக் கவனியுங்கள். கல் முழுக்கப் பாசி அடர்ந்திருக்கும்போது சோதனையில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக வரலாம். சத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பாசி தின்றுவிட்டது. பாதிப் பாசியைப் பிடுங்கிய மறுவாரம் சோதித்தால்தான் உண்மை எண் தெரியும்.

கையால் பிடுங்குவது

எந்தப் பாசியானாலும் தொடக்கம் இதுதான். பாசிக்குள் அடைபட்ட சத்தைத் தொட்டியை விட்டு வெளியேற்ற இதைவிட வேகமான வழி இல்லை.

முந்தின இரவே 10 லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணீரில் 370 கிராம் அளவுக்கு ரீஃப் உப்பைக் கரைத்து, பம்ப் ஓடவிட்டு, காலையில் உப்புத்தன்மை காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் 35 பார்த்துக்கொள்ளுங்கள். உப்பின் பிராண்டுக்கு ஏற்ப எடை கொஞ்சம் மாறும். கையுறை கட்டாயம், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஸோவாந்தஸ் பவளத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கக்கூடும். பிரஷ் தேய்க்கும்போது தெறித்துக் கண்ணிலோ வெட்டுக் காயத்திலோ பட்டால் ஆபத்து. அந்தக் கல்லை வெந்நீரில் போடுவதோ கொதிக்கவைப்பதோ கூடவே கூடாது.

தூக்க முடிந்த கல்லை எல்லாம் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மாற்றி அங்கே தேயுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் ஒவ்வொரு துணுக்கும் மிதந்து போய் வேறு கல்லில் முளைக்கும். நீண்ட இழையைத் தேய்க்காதீர்கள். பிரஷை அதில் வைத்து நூல்கண்டு சுற்றுவதுபோல மெல்லச் சுழற்றுங்கள், இழை பிரஷில் சுற்றிக்கொண்டு அடியோடு வரும். தூக்க முடியாத கல்லில், ஏர் பம்புக்கு மாட்டும் மெல்லிய குழாய் ஒன்றின் நுனியைப் பிரஷோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, தேய்க்கத் தேய்க்க உறிஞ்ச விடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம், தண்ணீர் நிரப்பி விரலால் அடைத்துத் தொடங்குங்கள். 10 லிட்டர் வெளியே வந்ததும் நிறுத்திப் புதிய தண்ணீரை ஊற்றுங்கள். இதை வாரம் ஒரு முறை என ஆறு முதல் எட்டு வாரம் செய்ய வேண்டியிருக்கும். மூன்றாவது வாரத்தில் அலுத்து விடுகிறவர்களின் தொட்டியில்தான் பாசி திரும்புகிறது.

வெளிச்சம் 8 மணி நேரம் போதும். பாசி அடங்கும்வரை வெள்ளை, சிவப்பு விளக்குகளைக் குறைத்து நீலத்தைத் தூக்கலாக வையுங்கள். முற்றம் வைத்த வீட்டில் காலை வெயில் சாய்வாக வந்து தொட்டியின் ஒரு பக்கம் விழும், அந்தப் பக்கம் மட்டும் பச்சை ஏறும். திரை போடுங்கள். தண்ணீரோட்டத்துக்கு மணிக்கு 1000 முதல் 1500 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் போதும், கல்லுக்குப் பின்னால் கசடு தங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள், அடைத்த பஞ்சு சத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இறாலை அரிந்து போடுகிறவர்கள் சாற்றைக் கழுவிவிட்டுத் துண்டை மட்டும் போடுங்கள்.

நத்தைகள் பிடுங்கிய பிறகு வர வேண்டியவை. குட்டையான பாசியைத்தான் அவை மேயும், இரண்டு விரல் நீளத்துக்கு வளர்ந்ததைத் தொடாது. டர்போ அல்லது ட்ரோக்கஸ் 3, மணலுக்குள் புகும் செரித் 4 போதும். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலிருந்து பார்சலில் வந்ததென்றால் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலந்து ஒன்றரை மணி நேரம் பழக்கியே விடுங்கள். உப்புத்தன்மை சட்டென்று மாறினால் நத்தை தாங்காது. பாசி தின்னும் மீன் என்று டேங் வகையை 60 லிட்டரில் விடுவது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை.

பாஸ்பேட் 0.1க்கு மேல் நிலையாக நின்றால் அதைப் பிடித்துக்கொள்ளும் ஜிஎஃப்ஓ (இரும்பு ஆக்சைடு மணிகள்) ஒரு மேசைக்கரண்டி, ஆர்ஓ தண்ணீரில் கழுவி, ஓட்டம் உள்ள இடத்தில் பையில் வையுங்கள். முதலிலேயே அதிகம் போட்டுப் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கினால் பவளம் வெளுக்கும், ஹேர் ஆல்கே போன இடத்தில் டைனோ வந்து உட்காரும். இந்தத் தொல்லை கைமிஞ்சிச் சுத்தம் செய்கிறவர்களுக்கே வருகிறது.

அடங்காத பாசிக்கு

தூக்க முடிந்த கல்லில் விடாப்பிடியாக நிற்கும் ஹேர் ஆல்கேக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு நல்லது. நம்மூர் மருந்துக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், 20 வால்யூம் என்று எழுதியிருக்கும். சரிபாதி ஆர்ஓ தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். கல்லை வெளியே எடுத்து, பாசிமேல் மட்டும் பிரஷால் தடவுங்கள், நுரை கட்டும். மூன்று நிமிடம் விட்டு, உப்புத் தண்ணீரில் அலசி உள்ளே வையுங்கள். நாலைந்து நாளில் பாசி வெளுத்து நத்தைக்குத் தீனியாகும். பவளத்தின் சதைமேல் படக்கூடாது. தொட்டிக்குள் நேராக ஊற்றினால் இறால் சாகும்.

பிரையாப்சிஸ் பிடுங்கினால் போகாது. அதற்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து லிட்டருக்கு 5 மில்லிகிராம், அதாவது 50 லிட்டருக்கு 250 மில்லிகிராம். 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கும். மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்து இது. பொடித்துத் தொட்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். ஃபில்டரில் உள்ள கார்பனை எடுத்துவிடுங்கள், தண்ணீரைச் சுத்தம் செய்யும் யூவி விளக்கை நிறுத்துங்கள், கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழற்றிவிடுங்கள், காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோன் ஓடட்டும். சத்தை உறிஞ்சவென்று கீட்டோ பாசி வளர்த்தால் அதைத் தனி வாளிக்கு மாற்றுங்கள். 14 முதல் 21 நாள் தண்ணீர் மாற்றக் கூடாது. ஒரு வாரத்தில் இறகு வெளுக்கத் தொடங்கும். முடிந்ததும் 12 லிட்டர் மாற்றி, கார்பனைத் திரும்ப வையுங்கள்.

சயனோவுக்கு மருந்து வேண்டாம். எரித்ரோமைசின் போடுகிறவர்கள் உண்டு. வடிகாலில் விடும் ஆன்டிபயாடிக் வாய்க்காலுக்குத்தான் போகிறது, தொட்டியின் நல்ல பாக்டீரியாவையும் அது தாக்கலாம். ஏட்டை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்துக்கு ஓட்டத்தைத் திருப்பி, தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் முழு இருட்டில் வையுங்கள். ஏர்ஸ்டோன் ஓட வேண்டும், மீனுக்குச் சோறு மிகக் குறைவு. நான்காம் நாள் 10 லிட்டர் மாற்றம். நைட்ரேட் பூஜ்யமாக இருந்தால் அதையும் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் திரும்பும்.

டைனோவுக்கு எல்லாமே தலைகீழ். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், ஜிஎஃப்ஓவை எடுங்கள், சோற்றைக் கூட்டுங்கள். தூய பொட்டாசியம் நைட்ரேட் 8.2 கிராமை 500 மில்லி ஆர்ஓ டிஐ தண்ணீரில் கரைத்து வைத்தால், அதில் 5 மில்லி 50 லிட்டரில் நைட்ரேட்டை 1 பிபிஎம் உயர்த்தும். நாளுக்கு 5 மில்லி வீதம் விட்டு 5 முதல் 10 வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை இரவில் தண்ணீரில் நீந்தும், அதற்கு 5 முதல் 9 வாட் யூவி இரவு முழுக்க ஓடினால் பலன் தெரியும். மணலுக்குள் பதுங்கும் ஆம்ஃபிடினியம் வகைக்கு யூவி வேலை செய்யாது. 400 மடங்கு காட்டும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். யூவி வாங்கும் முன் பார்த்துவிடுவது பணத்துக்கு நல்லது.

வெயிலும் புயலும்

மேலிருந்து வீசும் சிறு விசிறி சித்திரை வெயிலில் தண்ணீரை 2 முதல் 3 டிகிரி இறக்கும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் அந்த அளவு இறக்காது, ஆனால் அப்போது தேவையும் குறைவு. 25 முதல் 27 டிகிரிக்குள் நின்றால் போதும், 30 தாண்டினால் பவளம் நலியும், நலிந்த பவளத்தின் அடியில் பாசி பிடிக்கும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர்ப் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நிலைமையில் பாசி உடனே வராது. கண்ணுக்குத் தெரியாத புழுக்களும் நத்தைகளும் மூச்சு முட்டிச் செத்து, அவை அழுகி, மூன்றாவது நான்காவது வாரத்தில் ஹேர் ஆல்கேயாகக் கிளம்பும். வேவ்மேக்கரை இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள், விளக்கு வேண்டாம். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் இரண்டு செட் செல்லும் புரட்டாசிக்குள் வாங்கி வையுங்கள். டிஐ தண்ணீர் 20 லிட்டரும் முன்பே பிடித்து வைத்திருந்தால், மின்சாரம் வந்த அன்றே மூக்கை வைத்துப் பார்த்து, முட்டை அழுகிய வாடை அடித்தால் செத்ததைப் பொறுக்கி எடுத்து, அந்தத் தண்ணீரில் உப்புக் கரைத்து 15 லிட்டர் மாற்றிவிடலாம். மறுநாளும் மூன்றாம் நாளும் அம்மோனியா பாருங்கள். 0 வரும்வரை மீனுக்குச் சோறு போடாதீர்கள்.